குரங்குக்குச் சோற்றுக்கை எது?

வலக்கைக்குத் தமிழில் சோற்றுக்கை என்றொரு பெயர் உண்டு. எழுதுவதையோ எறிவதையோ வைத்து அல்ல, உண்பதை வைத்தே நம் முன்னோர் கையை அடையாளம் காட்டினார்கள். பந்தியில் இடக்கையை இலைமேல் வைக்கும் பிள்ளையின் கையைப் பக்கத்தில் இருப்பவர் தட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. இத்தனை அதட்டலுக்கு நடுவிலும், அதட்டலே இல்லாத நாடுகளிலும், இடக்கையர்கள் சிறுபான்மையாகவே இருக்கிறார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2020இல் வெளியான தொகுப்பு, இடக்கையரின் பங்கை நூற்றுக்கு 10.6 என்று கணித்தது. மனித இனத்தின் பத்தில் ஒன்பது பங்கு ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் குரங்கைப் பார்ப்பது இயல்பு. அதற்கும் ஐந்து விரல் கை. அதுவும் கையால் எடுத்துத்தான் உண்கிறது. அதன் கையைத் தட்டிவிட ஆளில்லை. ஆகவே பழக்கத்தின் திணிப்பு கலக்காத விடை அங்கே கிடைக்கும் என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடியதில் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன. அந்த முரண்களுக்குக் காரணம் குரங்கைக் காட்டிலும் நாம் கேட்ட கேள்வியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் முடிவு. அதைக் காட்டவே இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு தனிக் குரங்கு தன் இரு கைகளில் ஒன்றையே விரும்பிப் பயன்படுத்துகிறதா என்பது ஒன்று. கூட்டத்தில் பெரும்பாலான குரங்குகள் ஒரே பக்கக் கையை விரும்புகின்றனவா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்ற விடை எளிதில் கிடைத்துவிட்டது. ஒரே தொட்டியில் தின்னும் கூட்டத்தில் ஒன்று எப்போதும் இடக்கையை நீட்டும், அடுத்தது எப்போதும் வலக்கையை நீட்டும். இரண்டாவது கேள்விதான் இன்றளவும் வழக்கில் இருக்கிறது. 1980இல் வாரன் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, குரங்குகளிடம் தனிப் பழக்கம் உண்டு, இனச் சாய்வு இல்லை என்று தீர்ப்பு எழுதினார். கொஞ்சக் காலம் கதவு சாத்தியே கிடந்தது.

1987இல் பீட்டர் மக்நீலேஜும் அவருடைய இரண்டு தோழர்களும் அந்தக் கதவைத் திறந்தார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் அழகானது. ஆதியில் மரத்தில் வாழ்ந்த சிறு விலங்குகளுக்கு ஒரு கை கிளையைப் பற்றிக்கொள்ள வேண்டும், மறு கை பூச்சியையோ கனியையோ எட்டிப் பிடிக்க வேண்டும். பற்றும் பொறுப்பு வலக்கைக்கும் எட்டும் பொறுப்பு இடக்கைக்கும் போனது. பின்னர் தரைக்கு இறங்கிய இனங்களில் வலக்கை பற்றும் வேலையிலிருந்து விடுபட்டது. வலுவும் திறமும் கொண்ட அந்தக் கை, பிரிப்பது, உடைப்பது போன்ற நுட்ப வேலைகளை எடுத்துக்கொண்டது. அப்படியானால் மரவாசிகளிடம் இடச்சாய்வும் தரைவாசிகளிடம் வலச்சாய்வும் தெரிய வேண்டும். மடகாஸ்கரின் லெமூர்களைப் பற்றி 1990இல் வந்த பெரிய ஆய்வொன்றில், எட்டி எடுக்கும் வேலையில் இடக்கைக்கே முன்னுரிமை தெரிந்தது. விளக்கத்துக்கு அது பலம் சேர்த்தது.

1991இல், பிரான்சில் ஜோயல் ஃபாகோவும் ஜாக் வோக்லேரும் இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். தரையில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்குவதும், ஒரு கையால் பிடித்து மறு கையால் தோண்டி எடுப்பதும் ஒரே வேலை அல்ல என்றார்கள். எளிய வேலையில் தெரியும் பழக்கம் தற்செயலாகவும் இருக்கலாம். கடினமான, புதிய, இரண்டு கையும் ஒத்துழைக்க வேண்டிய வேலையில்தான் மூளையின் இடம் வலம் வேறுபாடு கைக்கு வந்து சேரும். இந்தத் துறையில் வந்த திருத்தங்களில் மிகப் பயனுள்ளது இதுவே என்று நினைக்கிறேன்.

வேலையின் கடினம் என்றால் என்ன என்பதைக் காட்ட மலைக் கொரில்லாவின் உணவைவிட நல்ல சான்று இல்லை. கொரில்லா வாலில்லாக் குரங்கு, நம் நெருங்கிய சொந்தம். ருவாண்டாவின் கரிசோக்கே பகுதியில் அது தின்னும் தாவரங்களில் ஒன்று செந்தட்டி வகையைச் சேர்ந்தது. நம் மலைப்பக்கத்துச் செந்தட்டியைத் தொட்டவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். கொரில்லா அந்தத் தண்டை ஒரு கையால் பிடித்து, மறு கையை அடியிலிருந்து மேலே உருவி இலைகளைக் கொத்தாகச் சேர்க்கிறது. காம்புகளைத் திருகி நீக்குகிறது. மிச்சமிருக்கும் இலைக்கொத்தை மடித்து, சுணை உதட்டில் படாதபடி பொட்டலமாக்கி வாய்க்குள் தள்ளுகிறது. ஒரு கை பிடிமானம், மறு கை தொழில்காரன். ரிச்சர்ட் பர்னும் ஜெனிஃபர் பர்னும் இந்தக் காட்சியை நாள்கணக்கில் உட்கார்ந்து பதிந்து 1991இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு கொரில்லாவும் தன் கைப்பிரிவினையில் மிக உறுதியாக இருந்தது. எந்தக் கை எந்தப் பங்கு என்பது விலங்குக்கு விலங்கு மாறியது. நுட்ப வேலையில் வலப்பக்கம் ஒரு மெல்லிய சாய்வு மட்டும் தென்பட்டது. காட்டு உணவே எவ்வளவு பெரிய சோதனைக் கருவி என்பதை இந்த ஆய்வுக்குப் பிறகுதான் பலர் உணர்ந்தார்கள்.

கூண்டுக்குள் அதே கடினத்தை உண்டாக்க வில்லியம் ஹாப்கின்ஸ் ஒரு குழாயைப் பயன்படுத்தினார். சிறு பிளாஸ்டிக் குழாயின் உட்புறத்தில் கடலைவெண்ணெயைத் தடவிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கையால் குழாயைப் பிடித்து மறு கையின் விரலை விட்டுத் தோண்டினால்தான் தீனி கிடைக்கும். 1995இல் 110 சிம்பன்சிகளிடம் தொடங்கிய இந்தச் சோதனை, 2011இல் 777 வாலில்லாக் குரங்குகள்வரை விரிந்தது. சிம்பன்சி, போனபோ, கொரில்லா மூன்றும் வலப்பக்கம் சாய்ந்தன. மரத்தைவிட்டு அதிகம் இறங்காத ஒராங்குட்டான் இடப்பக்கம் சாய்ந்தது. மக்நீலேஜின் விளக்கத்தோடு இது ஒத்துப்போயிற்று. தரையில் திரியும் பபூன்களிடம் வோக்லேர் குழுவினர் நடத்திய அதே குழாய்ச் சோதனையிலும் வலச்சாய்வே வந்தது.

ஆனால் காட்டில் அலைந்து குறிப்பெடுத்தவர்களுக்கு இந்த முடிவுகள் ஏற்புடையனவாக இல்லை. வில்லியம் மக்ரூவும் லிண்டா மார்ச்சன்டும் தான்சானியாவின் கோம்பே காட்டுச் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்தவர்கள். அன்றாட எடுத்தல், பிடித்தல், சொறிதலில் அந்தச் சிம்பன்சிகள் இரு கைகளையும் ஏறக்குறைய சமமாகவே பயன்படுத்தின. கருவி கைக்கு வந்தால் மட்டும் தனிப்பழக்கம் கெட்டிப்பட்டது. வளர்ப்பு விலங்குகளின் வலச்சாய்வு, வலக்கை மனிதர்களோடு வளர்ந்ததன் விளைவாக இருக்கக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. தாயிடமே வளர்ந்தவையும் அப்படித்தான் இருக்கின்றன என்று ஹாப்கின்ஸ் தரப்பு மறுத்தது. 2002இல் ரிச்சர்ட் பாமர் கணக்கையே சோதித்து, குறைவான பதிவுகள் கொண்ட விலங்குகளிடம்தான் வலச்சாய்வு மிகுந்து தெரிகிறது என்று சுட்டினார்.

கணக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் பாதிச் சண்டை அதைச் சுற்றியே நடக்கிறது. ஒரு குரங்கை ஆறு முறை பார்க்கிறீர்கள், ஆறு முறையும் அது ஒரே கையால் எடுக்கிறது. உறுதியான பழக்கம் என்று எழுதத் தோன்றும். ஆனால் காசைச் சுண்டினாலும் 32 தடவைக்கு ஒரு தடவை ஆறும் ஒரே பக்கம் விழும். 32 குரங்குகள் உள்ள கூட்டத்தில், எந்தக் கையிலும் விருப்பமே இல்லாவிட்டாலும், ஒன்றாவது அசல் இடக்கையனாகவோ வலக்கையனாகவோ கண்ணுக்குத் தெரியும் என்று எதிர்பார்க்கலாம். இதைவிடப் பெரிய பொறி இன்னொன்று உண்டு. ஒரு குரங்கு இடத்தோளை மரத்தில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு வலக்கையால் நாற்பது கனி பறிக்கிறது. இதை நாற்பது வலக்கைத் தேர்வு என்று எழுதலாமா? உட்கார்ந்த வாகு ஒன்று, அதனால் தேர்வும் ஒன்றே என்பவர்கள் தொடராக எண்ணுகிறார்கள். நாற்பதும் நாற்பதுதான் என்பவர்கள் செயலாக எண்ணுகிறார்கள். வலக்கைச் செயல்களிலிருந்து இடக்கைச் செயல்களைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணைப் போடுவது எல்லோருக்கும் பொதுவான முறை. அந்த எண்ணுக்குள் எதை ஒன்று என்று எண்ணினார்கள் என்பதைப் பார்க்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவது வீண் வேலை. விலங்கு இடம் மாறி, வாகு மாறி உட்கார்ந்த பிறகு எடுப்பதையே அடுத்த பதிவாகக் கொள்ள வேண்டும் என்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். மெதுவான வழிதான். ஆனாலும் நம்பத்தக்கது.

கருவி பிடிக்கும் சிம்பன்சிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோம்பேயில் கரையான் புற்றுக்குள் குச்சியை விட்டு மீன்பிடிப்பதுபோலக் கரையான் பிடிக்கும் 17 சிம்பன்சிகளைப் பற்றி எலிசபெத் லான்ஸ்டார்ஃபும் ஹாப்கின்ஸும் 2005இல் எழுதினார்கள். 12 இடக்கை, 4 வலக்கை, ஒன்று இரண்டும். கினி நாட்டின் பொஸ்ஸோவில் கல்லால் பனைக்கொட்டை உடைக்கும் சிம்பன்சிகளோ, ஆளுக்கொரு கையைத் தேர்ந்துகொண்டு வாழ்நாள் முழுக்க அதை மாற்றுவதே இல்லை. கரையான் பிடிக்கும் வேலைக்கு இடச்சாய்வு தெரிகிறது, குழாய்க்கு வலச்சாய்வு தெரிகிறது, இரண்டும் ஒரே இனம். இனத்துக்கு ஒரு கை என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

இனி வாலுள்ள குரங்குகளுக்கு வருவோம். இவற்றைப் பற்றிய காட்டு ஆய்வுகள் குறைவு. அந்தக் குறைவான ஆய்வுகளிலேயே தெளிவான பாடம் ஒன்று கிடக்கிறது. இந்தியாவில் இயற்கையாக வாழும் அனுமன் மந்திகளைப் பற்றி 1997இல் வந்த ஆய்வு, கைவிருப்பமே தெரியவில்லை என்று முடித்தது. கருமந்தி, அனுமன் மந்தி போன்ற இலைதின்னிகளுக்குக் கட்டைவிரல் குட்டை. கிளையை வளைத்து வாயருகே கொண்டுவந்து இலையை உருவித் தின்பதே அவற்றின் பெரும்பொழுது வேலை. அதற்கு எந்தக் கையும் போதும். சீனாவின் சின்லிங் மலைகளில் வாழும் பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்கும் இதே இலைதின்னிக் குடும்பம்தான். 2012இல் அந்தக் காட்டுக் குரங்குகளிடம் ஹாப்கின்ஸின் குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காட்டு விலங்குகளிடம் அந்தச் சோதனை நடந்தது அதுவே முதல்முறை. கூட்டம் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது. ஒரே குடும்பம், ஒரேமாதிரிக் கை. இலையைப் பறிக்கும்போது தெரியாத ஒன்று, குழாயைத் தோண்டும்போது வெளியே வந்தது. அனுமன் மந்திக்கும் அந்தக் குழாயைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானின் கோஷிமா தீவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறையாது. 1953இல் இமோ என்ற பெண்குட்டி சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து, மணலோடு கலந்த கோதுமையை நீரில் போட்டு, மணல் அடியில் தங்க, மிதக்கும் மணியைப் பொறுக்கித் தின்றது. பழக்கம் கூட்டத்துக்குப் பரவிய கதை உலகறிந்தது. 1993இல் வாத்தனபேயும் கவாயும், அதே கூட்டத்தின் கழுவும், பொறுக்கும் வேலைகளில் கைகளின் பங்கைத் தனியே ஆராய்ந்து எழுதினார்கள். கோஸ்தா ரிக்காவின் வெண்முகக் கப்புச்சின் குரங்குகளைப் பற்றி 1998இல் வந்த ஆய்வு தனிப்பழக்கத்தை உறுதிசெய்தது. பிரேசிலின் பியாவுயி மாநிலத்தில் தாடிக் கப்புச்சின்கள் இரண்டு கையாலும் ஒரு கிலோ எடையுள்ள கல்லைத் தூக்கிப் பனைக்கொட்டையை உடைக்கின்றன. அந்தக் குரங்கின் எடையே இரண்டிலிருந்து நான்கு கிலோதான். அங்கே கல்லைத் தூக்குவது இரு கையின் வேலை. கொட்டையைக் குழியில் திருப்பி நிறுத்துவது மட்டும் ஒரு கையின் வேலை. தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் நீள்வால் குரங்குகள் பாறையில் ஒட்டிய சிப்பியைச் சிறு கல்லால் ஒரு கையாலேயே கொத்தித் திறக்கின்றன. கையின் கதை உணவின் கதையோடு பின்னிக்கிடப்பதை இந்த இடங்களிலெல்லாம் பார்க்கலாம்.

நம் பக்கத்துச் சான்று என் மனத்துக்கு மிக நெருக்கமானது. தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே வேறெங்கும் இயற்கையாக இல்லாத நாட்டுக் குரங்கைப் பற்றியது அது. மைசூரைச் சேர்ந்த குரங்கியல் அறிஞர் மேவா சிங்கும் அவருடைய இளைய தோழர்களும் திறந்தவெளியில் திரியும் நாட்டுக் குரங்குகளிடம் நடத்தி 2014, 2015 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், வலதா இடதா என்ற பழைய கேள்வியை ஓரமாக வைத்தன. அதற்குப் பதிலாக, குரங்கு எந்த வேலையை எந்தக் கைக்குக் கொடுக்கிறது என்று கேட்டன. உணவை எட்டி எடுப்பது, பேன் பார்ப்பது, எதிரியை அறைவது ஆகியவற்றுக்கு ஒரு குரங்கு ஒரு கையை நீட்டுகிறது. இவை வெளியில் வளைந்து நெளிந்து குறி தவறாமல் போக வேண்டிய வேலைகள். ஏறுவதுபோல உடல்பலம் வேண்டிய வேலைகளை மறு கை ஏற்கிறது. வேலைப் பிரிவினை என்றே அவர்கள் இதைச் சொன்னார்கள். அடுத்த கட்டத்தில் அவர்கள் கண்டது இன்னும் முக்கியம். இந்தப் பிரிவினை கெட்டிப்பட்ட குரங்குகளின் கை, தீனியை வேகமாக எடுத்தது. ஆகக் கைப்பழக்கம் மூளையின் ஓரத்தில் கிடக்கும் வேடிக்கைக் குணம் அல்ல, வயிற்றுக்குப் பயன்படும் திறமை.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் வேண்டாம், புளியமரம் போதும். கோயில் அடிவாரத்திலோ சாலையோரத்திலோ காய்க்கும் காலத்தில் நில்லுங்கள். குரங்கு மெல்லிய கிளையில் இருக்கிறது. பின்னங்கால்கள் இரண்டும் பிடிமானம், ஒரு கை மேல்கிளையைப் பற்றியிருக்கிறது. மறு கை நீண்டு ஒரு காயை ஒடிக்கிறது. உடனே தின்பதில்லை. தடித்த கிளைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பற்றியிருந்த கை விடுபடுகிறது. இப்போது இரண்டு கையும் சேர்கின்றன. ஒன்று காயை நிறுத்துகிறது, மற்றொன்றின் விரலும் பல்லும் ஓட்டை உரிக்கின்றன. நாரை இழுக்கும் விரலும் கொட்டையைத் துப்பும் வாயும் ஒரு தாளத்தில் போகின்றன. கன்னப்பையில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த காய்க்குக் கிளம்புகிறது. பற்றிய கை எது, ஒடித்த கை எது, உரித்த கை எது? ஒரே ஒரு புளியங்காயில் மூன்று கேள்விகள். "குரங்கு எந்தக் கையால் தின்றது" என்று ஒற்றை வரியில் எழுதினால் மூன்றும் கலந்து ஒன்றுமில்லாமல் போகும். முரண்பட்ட முடிவுகளில் பாதி இப்படித்தான் பிறந்தன.

2022இல் 38 இனங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,800 விலங்குகளின் குழாய்ச் சோதனை முடிவுகளை ஒரே தராசில் வைத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. ஒரு கையை உறுதியாக நம்பியிருப்பதில் மனிதருக்கு இணையான குரங்கினங்கள் உண்டு. ஆனால் இனம் முழுவதும் ஒரே திசையில் சாய்வதில் மனிதருக்கு இணை இல்லை. வாலுள்ள குரங்குகளில் தரையில் வாழ்பவற்றின் கைவிருப்பம், மரத்தில் வாழ்பவற்றினுடையதைவிடத் தளர்வாக இருந்தது. மக்நீலேஜின் விளக்கம் பாதி தேறியது என்று இதைச் சொல்லலாம். கிளையைப் பற்ற வேண்டிய கட்டாயம்தான் கைகளைப் பிரித்தது என்ற பகுதிக்கு ஆதரவு கூடியிருக்கிறது. தரைக்கு வந்ததால் வலக்கை பிறந்தது என்ற பகுதி இன்னும் நிற்கவில்லை. பல்லில் விழுந்த கீறல்களை வைத்து, இறைச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு வலக்கைக் கல்லால் அறுத்தவர்கள் என்று நியாண்டர்தால் மனிதர்களைச் சொல்கிறார்கள். அந்த வலக்கை, குரங்குகளைவிட்டுப் பிரிந்த பிறகு நம் கிளையில் கெட்டிப்பட்டது என்றே தோன்றுகிறது.

அப்படியானால் குரங்குக்குச் சோற்றுக்கை உண்டா? ஒவ்வொரு குரங்குக்கும் உண்டு. குரங்கினத்துக்கு இல்லை. எந்தக் கை என்பதைவிட எந்த வேலைக்கு எந்தக் கை என்பதே கேட்கத் தகுந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை, கிளையும் ஓடும் நாரும் முள்ளும் உள்ள காட்டு உணவில் இருக்கிறது.

இங்கேதான் என் கவலையும் இருக்கிறது. நாட்டுக் குரங்கு இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம். மலைப்பாதைகளில் வண்டியை நிறுத்திக் கடலையும் பிஸ்கட்டும் எறிவதை அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் குரங்கு சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, மனிதரோடு மோதுகிறது. ஆய்வின் பக்கம் பார்த்தாலும் நட்டமே. தார்ச்சாலையில் கிடக்கும் கடலையைப் பொறுக்கக் கிளையைப் பற்ற வேண்டாம், ஓட்டை உரிக்க வேண்டாம். கைகளின் வேலைப் பிரிவினை தெரியாமல் போகும் மிக எளிய வேலை அது. அந்தத் தீனியையே நம்பி வளரும் குட்டிக்கு, தன் தாய் சோலையில் கற்ற கைத்திறம் எந்தக் கிளையில் வாய்க்கும்?

அடுத்தமுறை குரங்குக் கூட்டத்தைக் கண்டால் எதையும் எறியாதீர்கள். எட்டி நின்று ஒரே ஒரு குரங்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிளையைப் பற்றிய கை, காயை ஒடித்த கை, ஓட்டை உரித்த கை என்று மூன்று கட்டம் போட்டுக் குறியுங்கள். அது இடம் மாறி உட்கார்ந்த பிறகு அடுத்த வரியைத் தொடங்குங்கள். ஆறு வரியில் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள், ஐம்பது வரி வேண்டும்.